சாதா, பையா

பெட்ரோல் பங்கில் வத்சலா காரைவிட்டு இறங்கி மெஷினுக்கு நேரே நின்றுவிடுவார். டில்லி வெயிலோ ஜனவரி மூடுபனியோ, மீட்டர் பூஜ்யத்தைக் காட்டாமல் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். பிரீமியம் போடட்டுமா என்று ஊழியர் இந்தியில் கேட்பார். "சாதா, பையா" என்று, இந்தியில் அண்ணே என்கிற மரியாதையோடு, பதில் வரும். ஆறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

மத்திய அரசில் முப்பது வருஷம் கோப்பு புரட்டிய கை. காரோடு வந்த கையேட்டையும் கோப்பாகவே நடத்துகிறார். ஓரமெல்லாம் வண்ணச் சீட்டுகள். சிவப்புச் சீட்டு ஒட்டிய பக்கத்தில், இந்த எஞ்சினுக்குச் சாதாரண பெட்ரோலே போதும் என்று இருக்கிறது. அச்சில் இருப்பதை மீற அவருக்குக் கை வராது.

ஐம்பது வயதில், வீட்டார் சிரிக்கச் சிரிக்கக் கார் ஓட்டக் கற்றவர். ஸ்டியரிங்கை யாருக்கும் விட்டுத்தர மனசில்லை. ஆர்.கே.புரத்திலிருந்து ஆபீஸுக்குச் செலவைப் பங்குபோட்டு ஒரே காரில் பயணம்; பின்சீட்டில் அதே ஆபீஸ் ப்ரீதா வருவாள், முன்சீட்டில் மேலதிகாரி கல்யாணராமன். அவரிடமும் அதே மாடல் கார் உண்டு. பிரீமியம் தவிர வேறெதுவும் அதற்குக் காட்டியதில்லை. மேம்பாலம் ஏறும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"வண்டி திணறறது மேடம். பட்டினி போடறேள். பேசாம எல்லாரும் என் வண்டியிலயே போயிடலாம்."

"பிரீமியத்துல ஆக்டேன்தானே ஜாஸ்தி? ஆக்டேன்னா பலம் இல்ல சார், பொறுமை. அமுக்கினாலும் அவசரப்பட்டுப் பத்திக்காத பொறுமை. நம்ம எஞ்சின் அவ்வளவு அமுக்கறதே இல்ல. அதை வெச்சிண்டு என்ன பண்றது?"

மேலதிகாரியின் காதில் இதெல்லாம் ஏறுமா? வத்சலா தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார்: டெண்டர் மாதிரி சீல் வைத்த கவர். நான்கு வாரம், ஒவ்வொரு ஞாயிறும் டேங்க் வற்றும் சமயத்தில் ப்ரீதா தன் இஷ்டப்படி சாதாவோ பிரீமியமோ போட்டு, எது என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். ஓட்டுகிறவருக்கும் தெரியக்கூடாது; அவரும் கல்யாணராமனும் வாராவாரம் தங்கள் ஊகத்தைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். கல்யாணராமன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் இனி அவர் கார்தான், வத்சலாவுக்குப் பின்சீட்டு.

ஆபீஸ் கேன்டீனில், சகலர் முன்னிலையில், கவர்கள் பிரிந்தன. "வெண்ணெயாய்ப் போகிறது, பிரீமியம்" என்று கல்யாணராமன் எழுதிய வாரம் ஓடியது சாதா. "முனகுகிறது, சாதா" என்ற வாரம் பிரீமியம். நாலில் மூன்று தப்பு. வத்சலாவின் தாளில் நான்கு வாரத்துக்கும் ஒரே குறிப்பு: வித்தியாசம் தெரியவில்லை. கேன்டீனே சிரித்தது. அன்று அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது காபி குடித்தார்.

திங்கள் காலை பங்கில் ஊழியர் வழக்கம்போல் கேட்டார். வத்சலா இறங்கக் கதவைத் திறக்குமுன் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது.

"சாதா, பையா" என்றார் கல்யாணராமன். பிறகு தானே கதவைத் திறந்து இறங்கி, மெஷினுக்கு நேரே போய் நின்று, பூஜ்யத்தைப் பார்த்தார்.

ஆறு வருஷத்தில் முதல்முறையாக வத்சலா ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்தே இருந்தார்.