ஐந்தே முக்கால் ஜீப்பும் ஈஸ்வரியின் வெள்ளரிப் பூவும்

விடியற் கருக்கலில் மொட்டைமாடிக்கு ஏறி, வெள்ளரிக் கொடியின் மொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள் ஈஸ்வரி. பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பிஞ்சு இருந்தால் பெண்பூ. வெறும் காம்பு என்றால் ஆண்பூ. பெண்பூவை "எம்மக" என்பாள். ஆண்பூ "மாப்ளே". "மாப்ளே இன்னும் எந்திரிக்கல" என்று மாடியிலிருந்து குரல் வந்தால், தன்னைத்தான் சொல்கிறாளோ என்று அவள் புருஷன் மொக்கையன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

சிலமலையிலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களை ஏற்றிப்போவது என் ஜீப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கிளீனராக ஏறினேன், இன்று மூன்று வண்டி என் பெயரில் ஓடுகிறது. ஐந்தே முக்கால் என்றால் ஐந்தே முக்கால்தான். என் மகள் கல்யாணத்தன்றும் வண்டி அந்த நேரத்துக்குக் கிளம்பியது. தவறவிட்டவர் இடத்தில் மறுநாள் வேறொருவர் உட்காருவார். ஆறு வருஷமாக டிரைவருக்குப் பின்னால், ஓரத்துச் சீட்டு ஈஸ்வரிக்கு. ஒரு நாளும் விட்டதில்லை.

பழைய சாக்கில் மண்ணும் சாணி எருவும் நிரப்பி அந்தக் கொடியை வளர்க்கிறாள். ஏற்றிவிட்டிருப்பது டிவி டிஷ்ஷின் மேல். இலை அடர்ந்ததும் படம் நின்றுவிட்டது. மொக்கையன் கேட்டதற்கு, "படம் காய்க்குமா?" என்றாளாம்.

கொடியும் காய்க்கவில்லை என்பதுதான் சங்கடம். ஆண்பூவெல்லாம் பொய்ப்பூ, சத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆரம்பத்தில் அத்தனையையும் கிள்ளி எறிந்திருக்கிறாள். பிஞ்சுகள் வரிசையாக மஞ்சளாகி உதிர்ந்தன. ஜீப்பில் பக்கத்துச் சீட்டு ரேணுகா தினமும் விசாரிப்பாள்: "என்னக்கா, இன்னைக்கும் எழவு வீடா?"

ஏலக்காய் எஸ்டேட்டில் தேனீப் பெட்டிகளை ஆறு வருஷமாகப் பார்த்து வருகிறவள்தான் ஈஸ்வரி. போன மாதம்தான் அது எதற்கென்று கேட்டிருக்கிறாள். ஏலப் பூ காயாக வேண்டுமென்றால் தேனீ வந்து உட்கார்ந்து, ஒரு பூவின் பொடியை இன்னொரு பூவில் ஒட்ட வேண்டும் என்றார்களாம். இவள் தெருவில் தேனீயைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது.

"அங்க பெட்டி வச்சிருக்காக. எங்கொடிக்கு நாந்தேன் ஈ" என்றாள் என்னிடம்.

ஈ வேலையில் ஒரே ஓர் இடைஞ்சல். வெள்ளரிப் பூ விரிவது ஆறு மணிக்கு மேல்.

இன்று காலை கொடியில் மாப்பிள்ளைகள் எட்டுப் பேர். பெண்பூ ஒன்றே ஒன்று. அடியிலிருந்து இலை காய்ந்து ஏறுகிறது. இனி மொட்டு வராது. கீழே டிரைவர் ஜெகதீஷ் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். கடைசியில் நானே படியேறிப் போனேன். மூன்று வண்டிக்காரன் ஆள் கூப்பிடப் படியேறியது இதுவே முதல் தடவை. அவள் பூவுக்கு முன்னால் குத்தவைத்திருந்தாள்.

"ஆத்தா, சோலிக்கு வர்றியா இல்லையா?"

"இன்னும் வாய் தொறக்கலண்ணே."

"நாளைக்கு உஞ்சீட்டுல சூர்யகலா உக்காருவா."

"உக்காரட்டும்ணே. அடியில ஸ்பிரிங்கு குத்தும், பாத்து உக்காரச் சொல்லுங்க."

என் வண்டியில் ஸ்பிரிங் குத்துவதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. கீழே பார்த்துக் கையசைத்தேன். ஜீப்பு என்னையும் விட்டுவிட்டுக் கிளம்பியது. மணி ஐந்து ஐம்பது. அந்த ஐந்து நிமிடம் ஜெகதீஷ் ஹாரன் அடித்ததில் போனது.

ஆறு இருபதுக்குப் பூ விரிந்தது. ஓர் ஆண்பூவைப் பறித்தாள். இதழ்களைக் கிள்ளிப் போட்டாள். நடுவிலிருந்த மஞ்சள் பொடியைப் பெண்பூவுக்குள் மூன்று சுற்று தடவினாள். பிடித்ததா இல்லையா என்பது மூன்று நாள் போனால்தான் தெரியுமாம். பிறகு, மலைக்குக் கட்டி வைத்திருந்த மதியச் சோற்றுத் தூக்கைத் திறந்து, கொடிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தாள்.