ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது காபி கிடைக்குமா என்று சமையலறைப் பக்கம் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெரம்பலூரிலிருந்து அக்கா.

"தம்பி, ஒடனே கெளம்பி வா. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல எம்பொண்ணு வாழ்க்கை தொங்குது."

ஏதோ ராகு காலக் கணக்கு போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. மார்க்!

விஷயம் இதுதான். அக்கா மகள் மலர், பெரம்பலூரில் கணக்கு டீச்சர். சாயங்காலமானால் அவளுக்கு இன்னொரு அவதாரம் உண்டு. கம்ப்யூட்டர் கேம்களை விளையாடிப் பார்த்து, யூடியூபில் தமிழில் விமர்சனம் செய்வாள். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க். கணக்கு டீச்சர் கையில் மார்க் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். உலகமே கொண்டாடிய வெளிநாட்டு கேம் ஒன்றுக்கு நாலு கொடுத்துவிட்டு, "முயற்சி செஞ்சா முன்னேறலாம்" என்று சொன்னவள் அவள்.

அவள் கணவர் குமரன் அரியலூர்க்காரர். அந்தப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கம்ப்யூட்டர் வேலை. மனிதர் சும்மா இருந்திருக்கலாம். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, தானே ஒரு கேம் செய்துவிட்டார்! சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்ப வேண்டும். ஆடு, மாடு, ஸ்பீடு பிரேக்கர், எதிரே வரும் டவுன் பஸ் எல்லாவற்றையும் தாண்டி ஆலையில் கொட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். சுடுவதில்லை, வெட்டுவதில்லை. யாரும் சாவதில்லை... ஆடுகளைத் தவிர.

வெளியிடப் போகிற நேரம். முதல் விமர்சனம் மலருடையது. சாப்பிடும்போது, "எத்தன போடப் போற?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆறு."

"ஏன்?"

"வீடியோல சொல்லுவேன். வெளியாகறதுக்கு முன்னாடி செஞ்சவங்ககிட்ட காரணம் சொல்றதில்ல. அது என் ரூலு."

கை கழுவப் போனவர் போனவர்தான். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை. ஆலை கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறாராம்.

"எட்டுப் போட்டா என்னாடி கொறஞ்சா போயிருவன்னு கேட்டேன் தம்பி. புருஷனுக்கு ஒண்ணு ஊரானுக்கு ஒண்ணுன்னு போட்டா நாளைக்கு எவன் என்னை நம்புவான்ங்கறா. அவரு என்னான்னா, முழுசாக்கூட பாக்காம ஆறு போட்டுட்டான்னு மூஞ்சத் தூக்கி வச்சிருக்காரு. நீ தாய்மாமன். நீ வெளையாடிப் பாத்து ஒரு மார்க்கு சொல்லு. ரெண்டு பேரும் கட்டுப்படறோம்னு சொல்லிட்டாங்க."

காது குத்தும்போது அந்தப் பெண்ணை என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். ஊரையே கூட்டிவிட்டு, என் பட்டு வேட்டியையும் நனைத்தாள். இப்போது அதே மடியில் லேப்டாப். தாய்மாமன் உத்தியோகத்துக்கு ரிடையர்மென்டே கிடையாதா?

என் தகுதியைக் கேட்பீர்கள். நானும் விமர்சகன்தான் — புத்தக விமர்சகன். எங்கள் தொழிலில் எண் கிடையாது. அது எவ்வளவு பெரிய வசதி! 'குறிப்பிடத்தக்க வரவு' என்று எழுதினால் புத்தகம் வந்து சேர்ந்தது என்று பொருள். 'பொறுமையான வாசிப்பைக் கோருகிறது' என்றால் தூங்கிவிட்டோம். 'அச்சும் அமைப்பும் நேர்த்தி' என்றால் உள்ளே போகவே இல்லை. கேம் விமர்சகர்கள் பாவம். பத்துப் பக்கம் பேசினாலும் கடைசியில் ஒரு எண் சொல்லியாக வேண்டும். எண்ணுக்குப் பின்னால் எங்கே போய் ஒளிவது?

பெரம்பலூர் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் சோபாவின் இந்த முனையில் மலர், அந்த முனையில் குமரன். நடுவில் நான். அக்கா பஜ்ஜி போட உள்ளே போய்விட்டாள். பஞ்சாயத்து என்றால் பலகாரம் வேண்டுமாம்.

"ஆரம்பிங்க மாமா. மேல் அம்புக்குறிய அமுக்குனா லாரி போவும்" என்றாள் மலர்.

போயிற்று. நேராக ஏரிக்குள் போயிற்று. இரண்டாவது முறை புளிய மரத்தில். மூன்றாவது முறை ஒரு ஆட்டுக் கூட்டம்... அதை விவரிக்க விரும்பவில்லை. குமரன் போனைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டுக்கும் அவர் முகம் சுருங்கியது.

ஒருவழியாகக் கை பழகியது. செம்மண் புழுதி, ஓரமாகக் கருவேலம், எதிரே முந்த நினைக்கும் பஸ்காரன். அட, நம்ம ரோடு! உற்சாகமாகிவிட்டேன். தூரத்தில் ரயில்வே கேட். மூடியிருந்தது. லாரியை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தினேன்.

பஜ்ஜி வந்தது. சாப்பிட்டேன். டீ வந்தது. குடித்தேன். அக்கா குடும்பத்து நில விவகாரத்தை முழுவதுமாகச் சொன்னாள். கேட்டேன். கேட் மூடியே இருந்தது. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் மூடியே இருந்தது.

"பிரமாதம் மாப்ள! இந்தக் கேட்டு இருக்கு பாருங்க, அப்படியே நம்ம ஊரு" என்றேன்.

குமரன் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம். "அப்படித்தான் மாமா எல்லாரும் சொல்றாங்க. ஆலையில கூட்டாளிங்க நாலஞ்சு பேர்ட்ட குடுத்துப் பாக்கச் சொன்னேன். அத்தன பேரும் கேட்டு சூப்பர்டான்னாங்க."

மலர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரூலும் மறந்துவிட்டது.

"மாமா, எதுக்கு நிக்கிறீங்க?"

"ட்ரெயின் போவட்டும்மா."

"ட்ரெயினே வராது மாமா! அந்தக் கேட்டு தொறக்கவே தொறக்காது. புரோகிராம்ல தப்பு!"

குமரன் போனைக் கீழே வைத்தார். "என்னாது?"

யோசித்துப் பாருங்கள். செய்தவர் கேட்டுக்கு முன் பாதியையும் பின் பாதியையும் தனித்தனியாகத்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். சோதித்த அத்தனை பேரும் அரியலூர்ப் பக்கத்து ஆட்கள். பாதி இடத்தில் மேம்பாலம் வந்துவிட்டாலும், மூடிய கேட்டைக் கண்டதும் இன்ஜினை அணைத்துவிட்டு உலக விவகாரம் பேசுகிற பழக்கம் உடம்பில் ஊறியது. நின்றிருக்கிறார்கள். நிதானமாக நின்றிருக்கிறார்கள். அப்புறம் வேலை வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, "தத்ரூபம்" என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டுமே? மலர் பெரம்பலூரில் பிறந்து வளர்ந்தவள். ஊருக்கு ரயிலே கிடையாது. அவளுக்குத்தான் பொறுமை இல்லை. அதனால் உண்மை தெரிந்திருக்கிறது.

"இடது பக்கம் பருத்திக் காட்டுல எறக்குங்க மாமா. வேலியில ஒரு சந்து இருக்கு. அப்படியே சுத்தி அந்தாண்ட ஏறிடலாம்" என்றாள்.

குமரன் எழுந்து நின்றுவிட்டார்.

"நீ... கேட்டத் தாண்டிட்டியா?"

"தாண்டாம எப்படிங்க மார்க்கு போடறது? கடைசி வரைக்கும் போயிட்டுத்தான் போட்டேன்."

"கடைசி வரைக்குமா?"

"ம்."

"வூட்டு வாசல்ல..."

"பாத்தேன். என் ஸ்கூட்டி நிக்குது. ஒடஞ்ச கண்ணாடியோட."

சோபாவின் இரண்டு முனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது அப்போது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. கேமின் கடைசிக் காட்சி அது. லாரிக்காரன் வீட்டுக்கு வருகிறான். வாசலில் அந்த ஸ்கூட்டி நிற்கிறது. அவர் அதை ஆசையாக வரைந்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அவள் பார்த்துவிட்டும் ரூலுக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். இதில் நான் எதற்கு?

ஆனாலும் வந்த வேலை என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இரண்டு தரப்பையும் விசாரித்ததில்... ஏழு."

"ஏழா?" என்றாள் மலர். "ஏழெல்லாம் ஒரு மார்க்கா மாமா? கம்பெனிக்காரன பகைச்சுக்கக் கூடாது, பாக்கறவனும் திட்டக் கூடாதுன்னு நெனைக்கிறவங்க போடறது ஏழு. ஒலகம் பூரா ஏழுதான். சாம்பார எலையிலயே வுட்டுட்டு, கல்யாண வூட்டுக்காரர்ட்ட சாப்பாடு பிரமாதம்னு சொல்றீங்கள்ல, அது."

"ஆமா மாமா" என்றார் குமரன். "ஏழுன்னா என்னத்தச் சரி பண்றது? ஆறே தேவல." அவள் பக்கம் திரும்பினார். "ஆறே போடு. கேட்டு விஷயத்தையும் சொல்லிடு. சரி பண்ணிட்டு வரேன், மறுபடி பாரு."

"முதல்ல இருந்து பாப்பேன். பரவால்லியா?"

"பாரு."

பேசாமல் இருந்த இருவரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி நான் ஒருவன்தான். அன்றைக்குக் குமரன் கேன்டீனை விட்டுவிட்டு வீட்டிலேயே சாப்பிட்டார். அக்கா எனக்கும் சோறு போட்டாள், கொஞ்சம் அலட்சியமாக.

வீடியோ வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே, "இது என் வீட்டுக்காரர் செஞ்சது. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். கேட், ஆடுகளின் கால், பஸ்ஸின் ஹாரன் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்துவிட்டு, ஆறு. ஸ்கூட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனில் கேட்டேன்: "அதுக்கு ஒரு மார்க் சேத்திருக்கலாமேம்மா?"

"அது எனக்கு வச்சது மாமா. பாக்கறவங்க எதுக்கு அதுக்கு மார்க்கு தரணும்?"

என் இத்தனை வருட மதிப்புரைகளில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை. முக்கியமாக, கடைசிப் பக்கம் வரை போனதில்லை.

நேற்று குமரன் திருத்திய கேமை அனுப்பியிருந்தார். லாரியைக் கேட்டில் நிறுத்திவிட்டு, டீ போடச் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் ரயில் போய், கேட் திறந்துவிட்டது! பின்னால் நிற்கிற பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

யதார்த்தமே இல்லை. அஞ்சுதான் போடுவேன்.