பெட்டியில் அச்சடித்த சாவி

நான் அறைந்த அறையில் ஒரு மனிதருக்கு இடது காது போனது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதற்கு முன் சொன்னதெல்லாம் சாக்குப்போல் ஆகிவிடும்.

அவர் முதலமடையில் ஒரு மாங்காய் ஷெட்டில் லோடு எழுதுகிறவர். லாரியில் எந்தத் தோப்புக் காய், எத்தனை பெட்டி என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார். நான் எருத்தேன்பதிக்காரன். கேரள எல்லையோரத்து ஷெட்டுகளுக்கு கேமரா, கம்ப்யூட்டர், நெட் எல்லாம் மாட்டிக்கொடுத்துப் பிழைக்கிறேன். தொழில் சுத்தமாகத் தெரியும். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

ஷெட் முதலாளியின் ஆபீஸ் கோவிந்தாபுரத்தில். நாளைக்கு எந்தத் தோப்பில் காய் இறக்குவது, எந்தத் தோப்பைக் குத்தகைக்குப் பேசுவது என்ற பட்டியலை லோடு எழுதுகிறவர் தினமும் மத்தியானம் ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு அனுப்புவார். நடுவில் யாரும் படிக்கக் கூடாது என்று இரண்டு இடத்துக்கும் இடையே நான்தான் ஒரு வி.பி.என். போட்டுக்கொடுத்தேன். ஊருக்கெல்லாம் பொதுவான கேபிள் வழியாகத்தான் தகவல் போகும், ஆனால் பூட்டிக்கொண்டு போகும்.

அந்த சீசனில் நாங்கள் பேசப்போன தோப்புக்கெல்லாம் எதிர்க்கட்சி வியாபாரி ஒரு நாள் முன்னதாகவே போயிருந்தான். மூன்றாவது தோப்பில் வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, காய் பறிக்கிற தொரட்டிகளை எடுத்து அடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆள் ஒருவனுக்கு மண்டை பிளந்தது. முதலாளி சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஷெட்டுக்கு வந்து என்னைப் பிடித்தார்.

"உன்ற பூட்டு கெட்டிதானா?"

"என்ற பூட்டை ஒடைக்க எவனும் பொறக்கலீங்க. உள்ளிருந்துதான் போயிருக்கோணும்."

இந்த ஒரு வாக்கியம்தான். இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது. பட்டியலைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறவர் லோடு எழுதுகிற அவர் ஒருவர்தான். இரண்டு லோடுமேன்கள் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். முதலாளி உடைந்த பெட்டிச் சட்டத்தை எடுத்துத் தோளில் போட்டார், முதுகில் போட்டார். ஆணி கிழித்து ரத்தம் வந்தது. காய் தரம் பிரிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தடுக்க ஒருத்தரும் வரவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மாவா.

மூன்றாவது அடிக்குப் பிறகு அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்க பூட்டையும் ஒருக்காப் பாருங்களேன்."

அத்தனை பேருக்கு முன்னால் என் தொழிலைக் குறை சொன்னால் பொறுப்பேனா? கை முந்திக்கொண்டது. முழு வீச்சில் இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில் விழுந்தது. அவர் வைக்கோலில் சாய்ந்தார். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கியது. "இனி எங்கயும் இவனுக்கு வேலை கெடைக்காது. இந்த எல்லையில இருக்கற அத்தனை ஷெட்டுக்கும் சொல்லிப்போடறேன், இவன் திருடன்னு" என்றார் முதலாளி.

லோடு எழுதுகிறவர் வைக்கோலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அழவில்லை. "லோடு எழுதுனா ஏத்துற எடத்துல ஒண்ணு, எறக்குற எடத்துல ஒண்ணு எழுதி ரண்டையும் ஒத்துப் பாப்போம். நீங்க ரண்டு பக்கமும் ஒத்துப் பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் ஷெட் பக்கம் மட்டும்தான்.

இது ஏன் என்னைச் சுட்டது என்று சொல்ல வேண்டும். என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். வி.பி.என். சாவியும் அப்படித்தான் உண்டாகிறது. இரண்டு பக்கமும் நான் வைத்த நெட் பெட்டிகள் ஆளுக்கொரு ரகசிய எண்ணைத் தனக்குள் வைத்துக்கொள்கின்றன. அதைக் கொண்டு செய்த வேறொரு எண்ணை மட்டும் ஊரறிய அனுப்பிக்கொள்கின்றன. வந்த எண்ணோடு தன் ரகசியத்தைச் சேர்த்தால் இரு பக்கமும் ஒரே சாவி கிடைக்கும். வழியில் ஒட்டுக்கேட்கிறவன் போகிற எண்ணை முழுக்கப் பார்த்தாலும் சாவியைப் பிடிக்க முடியாது. ஆனால் துண்டுக்கடியில் தான் பிடித்திருப்பது யாருடைய கை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. என் அப்பா விற்பவனுக்கு ஒரு துண்டு, வாங்குபவனுக்கு ஒரு துண்டு என்று நடுவில் நின்று இரண்டு விலை பேசுவார். ஒரு முறை அது வெளியே வந்தது. சந்தையிலேயே மிதித்தார்கள், முன்பல் இரண்டு இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளை நான். நடுவில் ஒருவன் நிற்கலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ஆபீஸில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கும் அடையாளமாக இரு பக்க நெட் பெட்டியும் ஓர் எண்ணைக் குறித்து வைக்கும். எங்கே பார்ப்பது என்று சொல்லி, அவளை வாசிக்கச் சொன்னேன். என் பக்கம் இருந்ததும் அவள் வாசித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் இலக்கமே ஒத்துவரவில்லை. முந்தின நாளுடையதைப் பார்த்தோம், அதுவும் இல்லை. ஷெட் ஒருவனோடு கை கோத்திருந்தது, ஆபீஸ் அதே ஒருவனோடு கை கோத்திருந்தது. நடுவில் இருந்தவன் ஒரு பக்கம் திறந்து படித்துவிட்டு மறுபடி பூட்டி மறுபக்கம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

நடுவில் இருக்கக்கூடியவன் ஊருக்கு நெட் கொடுக்கிற கேபிள்காரன்தான். அந்த எதிர்க்கட்சி வியாபாரிக்கு மச்சான். முதலாளியும் ஆறேழு பேரும் அவன் அறைக் கதவை உதைத்துத் திறந்தார்கள். எங்கள் கம்பி அங்கே ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அதைச் சுவரில் அடித்து உடைத்தார்கள், பிறகு அவனை அடித்தார்கள். எல்லோரும் மெஷின்களை நொறுக்கப் போன நேரத்தில் நான் அவன் தலைமுடியைப் பிடித்து, ரகசியச் சொல்லை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

எதிரில் இருப்பது நம் ஆள்தான் என்று காட்டுவதற்காக இரு பெட்டிக்கும் முன்கூட்டியே ஒரு சொல் கொடுத்து வைப்போம். அது தெரியாமல் நடுவில் நிற்க முடியாது. அவன் வாயில் ரத்தத்தோடு சிரித்தான்.

"குடுக்கோணுமா? பெட்டிக்குப் பெட்டி அச்சடிச்சுத்தான உட்டிருக்கீங்க."

இங்கே ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு மார்க் உண்டு. மூன்று ஆங்கில எழுத்து, கீழே போன் நம்பர், எல்லா மாங்காய்ப் பெட்டியிலும் அச்சடித்திருக்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் சொல் மறந்துவிட்டது என்று ஆளாளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். தொல்லை தாங்காமல் மார்க்கையும் நம்பரையும் சேர்த்துச் சொல்லாக வைத்துவிட்டேன். ஒரு ஷெட்டுக்கு மட்டுமல்ல, நான் போட்ட எல்லா ஷெட்டுக்கும் அப்படித்தான். என் பூட்டின் சாவி ஒவ்வொரு லாரியிலும் ஆயிரம் பெட்டியில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

அவன் முடியை விட்டேன். வெளியே வந்தேன்.

முதலாளி என் முதுகில் தட்டி, "புடிச்சுட்டியேப்பா" என்றார். பிறகு, "அந்தச் சொல்ல அவனுக்குச் சொன்னது நம்ம லோடு எழுதறவந்தான்" என்றார். நான் மறுக்கவில்லை. ஆமாம், கோழைதான். கை நீட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு வாய் திறக்கத் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் எல்லா ஷெட்டுக்கும் போய் எதையோ சாக்குச் சொல்லிச் சொல்லை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், அவரைச் சேர்த்திருந்த ஆசுபத்திரிக்குப் போனேன். முதலாளியும் வந்திருந்தார். போலீசுக்குப் போகாதே என்று சொல்லிவைக்க வந்தவர் நான்கு லோடுமேன்களோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். படுத்திருந்தவரின் இடது காதில் கட்டு. அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவர் மனைவி சொன்னார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வலது காதுப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

"கேக்கலீங் தம்பி."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"கேக்கலீங்க. நல்லாச் சொல்லுங்."

நிமிர்ந்தேன். வார்டு முழுக்கத் திரும்பும்படி கத்தினேன். சொல்லைப் பெட்டி மார்க்கில் வைத்தது நான், கேபிள்காரனுக்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை, திருடனே இல்லை, காதை அறைந்து கெடுத்தவன் நான் என்று. முதலாளியின் முகம் மாறியது. லோடுமேன்களில் ஒருவன் என் பக்கம் இரண்டடி வைத்தான்.

கட்டிலில் இருந்தவர் என் கையை, அடித்த அதே கையை, பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"மொதத் தடவையே கேட்டுச்சுங் தம்பி. இந்தக் காது நல்லாத்தான் இருக்குது. அவீங்களுக்குங் கேக்கோணுமுல்ல."