வண்டி பார்க்க வருபவர்

சைலன்சருக்குள் சுட்டுவிரலை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி வெளியே எடுக்கிறார் சௌந்தரராஜன். கறுத்த விரல் நுனியை வண்டிக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "ஹவ், நான் நெனச்சது சரிதான். எஞ்சின்ல கை வெச்சாச்சு." எந்த வண்டியின் சைலன்சரில் விரலை விட்டாலும் கரி ஒட்டத்தான் செய்யும் என்று அந்த மனிதர் சொல்ல வாய் திறப்பதற்குள் இவர் பெட்ரோல் டேங்குக்குப் போய்விடுவார்.

டேங்குக்குத் தனிச் சடங்கு உண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தம் வரும். பெயின்ட்டில் கீறல் விழக் கூடாதென்று அதை மெல்லிய வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். டேங்க் நசுங்கியிருந்தால் பட்டி வைத்துப் பூசி, மேலே பெயின்ட் அடித்து விற்றுவிடுவார்கள். பட்டி உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாது. இது உண்மையான சோதனைதான். அவரிடம் இருக்கும் ஒரே உண்மையான சோதனையும் இதுதான்.

லோத்குண்டாவில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் இருக்கிறார். கொள்ளுத்தாத்தா காலத்தில் பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்க வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழில் ஹைதராபாத் உருதுவும் கலந்துவிடும்: 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. ஐம்பத்தைந்து வயது, அரசு அலுவலகமொன்றில் மேற்பார்வையாளர் வேலை. அங்கே எதை மேற்பார்க்கிறார் என்று தெரியவில்லை, ஏனென்றால் பகல் முழுக்கக் கைப்பேசியில் பழைய மோட்டார் சைக்கிள் விளம்பரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். குகட்பள்ளியில் யாரோ முகம் தெரியாத ஒருவர் வண்டிப் படம் போட்டால், அடுத்த நிமிடம் இவருடைய கேள்வி போய் நிற்கும்: 'இருக்கா? கடைசி விலை?' பதில் வந்தால் திருப்பி எழுத மாட்டார். வாங்கும் உத்தேசம் இருந்தால்தானே எழுதுவதற்கு.

சொந்தமாக வண்டி கிடையாது. ஆனால் ஹெல்மெட் இருக்கிறது. பஸ்ஸில் போனாலும் அது முழங்கையில் தொங்கும். பார்ப்பவர்கள் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

ஆன்லைனில் வண்டி பார்க்கும் இளசுகள் நேரில் போகும்போது, விவரம் தெரிந்த ஆள் ஒருவர் கூட வரட்டுமே என்று இவரைக் கூப்பிடுகிறார்கள். ஊருக்குப் புதியவர்கள், பாவம். வண்டி குறைவாக ஓடியிருந்தால், "நின்னே கெட்டுப்போச்சு" என்பார். நிறைய ஓடியிருந்தால், "சக்கையாயிடுச்சு". விலை குறைந்தால் திருட்டு வண்டி. கூடினால் பேராசை. இரண்டாம் மாடி பிரசன்னா தசராவுக்கு வண்டி தேட ஆரம்பித்தான். உகாதிக்குள் பெண் பார்த்து, நிச்சயமாகி, கல்யாணமே முடிந்துவிட்டது. வண்டி மட்டும் அமையவில்லை.

காரணம் எளிது. வண்டியை வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு இவரை யார் கூப்பிடுவார்கள்? தேடும்வரைதான் டிபன், டீ, "அங்கிள் சொன்னா சரி". நானும் ஒரு மழைக்காலம் முழுவதும் அவர் பேச்சைக் கேட்டு நனைந்தவன். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை, ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நஸ்ரின் விஷயத்தில்தான் எனக்குப் பொறுமை போனது. திருச்சிப் பெண், மூன்றாம் மாடியில் தோழிகளோடு இருக்கிறாள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் அடுத்த மாதம் வேலையில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனின் பைக்கில் ஓட்டக் கற்றவள், பைக்தான் வேண்டுமென்றாள். "கைக்கு பேட்டா? லேடீஸுக்கு ஸ்கூட்டி போதுமே" என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த மூன்று வண்டிகளையும் வரிசையாகத் தள்ளினார். மாதமும் முடியப்போனது.

நாலாவது வண்டி போலாரத்தில் இருந்தது. விளம்பரம் போட்டவர் நந்தகுமார், தேனிப் பக்கத்து ராணுவ வீரர். அசாமுக்கு மாற்றல், மறுநாள் ரயில். வண்டியைத் துடைத்து, சாவியோடு வேப்பமர நிழலில் நிறுத்திவைத்திருந்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். நஸ்ரின் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். முகத்திலேயே சம்மதம் தெரிந்தது. சௌந்தரராஜன் உடனே காந்தத்தை எடுத்து டேங்கில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"மிலிட்டரிக்காரன் வண்டியைக் கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. அதைப் பேசாமல் பையில் போட்டுக்கொண்டு விரலை நீட்டினார்.

"நக்கோ பேட்டா. இந்த வண்டி நக்கோ. கியர்பாக்ஸ் போயிருக்கு. தூரத்துல வர்றப்பவே எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

நந்தகுமார் கோபப்படவில்லை. சாவியை நீட்டினார். "சார், நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. ஓட்டாம எப்படி சார் குறை சொல்றது?"

"எனக்கு முட்டி வலி பா."

"நேத்துதானே அங்கிள் மூணாவது மாடிக்கு ஏறி வந்து டீ குடிச்சீங்க" என்றாள் நஸ்ரின். குரலில் கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே பதில் தேவைப்பட்டது. வண்டி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில் அவள் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அந்த ஹெல்மெட் அவர் தலையில் ஏறி நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைத் திருத்தினார். சீட்டைத் தட்டினார். பிறகு வலது காலால் ஒரு மிதி, மறுபடி ஒரு மிதி. நிமிர்ந்து எங்களைப் பார்த்தபோது முகத்தில் ஒரு வெற்றி.

"பாத்தியா பேட்டா? கியரே விழல. ஜாம்."

நந்தகுமார் கொஞ்சம் தயங்கினார். வயசான மனிதர் என்று பார்த்திருக்க வேண்டும்.

"சார், அது பிரேக்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க வேப்பமரத்தின் பின்னால் போக வேண்டியிருந்தது. சௌந்தரராஜன் மெல்ல இறங்கினார். "நம்ம காலத்துல கியர் இந்தப் பக்கம்தான் இருக்கும். இப்ப எல்லாத்தையும் மாத்திட்டானுங்க" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார்.  நஸ்ரின் நந்தகுமார் பக்கம் திரும்பி, "அண்ணா, ஆர்.சி.ய எடுங்க. நான் வாங்கிக்கறேன்" என்றாள்.

திரும்பும்போது அவரைத் தன் பின்னால் உட்காரச் சொன்னாள். நல்ல பெண். அவர் உட்கார்ந்தும் வந்தார். ஆனால் எங்கள் தெருமுனையில் இறங்கிக்கொண்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டி, நடந்து வந்து கேட்டுக்குள் நுழைந்தார். "என்ன சார், வண்டி முடிஞ்சுதா?" என்று கேட்ட வாட்ச்மேனிடம், "நான் வேணாம்னேன். கேக்கல. அனுபவிக்கட்டும்" என்று சொன்னாராம்.

மறுநாள் காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். பார்க்கிங்கில் நஸ்ரினின் வண்டி முன்னால் அவர் குந்தியிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. டேங்கின் மேல் காந்தத்தை வைத்தார். ஒட்டியது. பிடுங்கி இந்தப் பக்கம் வைத்தார். ஒட்டியது. அடியில், மூடிக்குப் பக்கத்தில், முட்டி படும் இடத்தில் என்று ஒன்று விடாமல் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது.  பிறகு கைக்குட்டையைப் பிரித்து நாலாக மடித்து, அந்தத் தடித்த மடிப்புக்குள் காந்தத்தைச் சுற்றி, டேங்கின் மேல் வைத்துக் கையை எடுத்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"ஹவ்" என்று தலையாட்டிக்கொண்டே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.