விற்காமல் வைத்த மூட்டை

செலவு என்ற சொல்லுக்கு எதிரான சொற்கள் ஐந்து எழுதி வரச் சொன்னார் தமிழ் டீச்சர். நான் அப்போது போடியில் ஐந்தாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எனக்குத்தான் என்றாலும் அன்று மாலை வீடே சேர்ந்து எழுதியது. அம்மா அரிசி களைந்தபடியே ‘மிச்சம்’ என்றாள். கொஞ்சம் யோசித்து ‘சிக்கனம்’ என்பதையும் சேர்த்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்த பெருமையில் இருந்த அக்கா ‘சேமிப்பு’ என்றாள். அப்பா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ‘இருப்பு’ என்றார். குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்பாவையே பார்த்துக்கொண்டு ‘கருமித்தனம்’ என்றார்.

மாமாவின் கடுப்புக்குக் காரணம் எங்கள் படுக்கையறையில் இருந்தது. தை மாதம் மலைத்தோட்டத்திலிருந்து இறங்கிய கடைசி எடுப்பில் பறித்த ஏலக்காய், இரண்டு மூட்டை. அக்காவின் முதல் வருஷக் கட்டணமே அதுதான். எப்போது பணம் கட்டுகிறோமோ அப்போது விடுதியில் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் ஆவணி கடைசிக்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆடிக் கடைசி வந்தும் மூட்டைகள் நகரவில்லை. தினமும் அப்பாவின் போனுக்கு ஏல விலை வரும். மாமா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “மச்சான், இதுக்கு மேல என்ன ரேட்டு வேணும்? ஜீப்பு வாசல்ல நிக்குது, ஏத்திருவோம்” என்பார்.

“இன்னும் ரெண்டு நாள் போகட்டும் மாப்ளே” என்பார் அப்பா. அவருடைய இரண்டு நாளுக்கு எங்கள் வீட்டு நாள்காட்டியில் கணக்கே கிடையாது.

ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் உயிர். காற்றுப் பட்டால் வெளுத்துவிடும், வெளுத்தால் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆள் வராது. அதனால் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் காயைக் கொட்டி, வாயை முறுக்கி மடித்துச் சணலால் இறுக்கி, சாக்குக்குள் வைத்து, மேலே ஒரு பழைய போர்வையையும் போர்த்தியிருந்தார் அப்பா. எங்களுக்குக்கூட அப்படி ஒருநாளும் போர்த்திவிட்டதில்லை. அறை முழுக்க ஏலக்காயை வைத்துக்கொண்டு, வெறும் தோலைத் தட்டிப்போட்ட டீயைக் குடித்த குடும்பம் எங்களுடையது.

மறுநாள் டீச்சர் நான்கு சொற்களுக்கு டிக் போட்டுவிட்டு ஐந்தாவதில் பேனாவை நிறுத்தினார். “இது யாரு சொன்னது?” என்றார். மாமா என்றேன். “யாரைப் பாத்துச் சொன்னாரு?” என்றார். நானும் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வகுப்பே சிரித்தது. ராசிங்காபுரத்திலிருந்து வரும் என் பெஞ்சுக்காரி மட்டும் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தாள். “நெசந்தான்டி. வீட்ல மூட்ட மூட்டயா வச்சிருக்கீங்க, ஒருநாளாச்சும் ஒரு காய் கொண்டாந்து தந்திருக்கியா?” என்று கேட்டாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் அப்பா கருமி இல்லை என்று ஊருக்கு நிரூபித்தாக வேண்டும். மறுநாள் காலை எல்லோரும் அடுப்படியில் இருக்கும்போது போர்வையை விலக்கி ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்தேன். இரண்டு கை அள்ளி ஜாமெட்ரி பாக்ஸில் திணித்தேன். திரும்பக் கட்டத்தான் தெரியவில்லை. சடைக்குக் கட்டுவதுபோல ஒரு பூ முடிச்சுப் போட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டு ஓடினேன். வகுப்பில் ஆளுக்கொரு காய் கொடுத்தேன். டீச்சருக்கு மூன்று. அன்று முழுக்க நான்தான் ராணி.

சாயங்காலம் மலையிலிருந்து சாரல் இறங்கியது. ஒரு வாரம் விடவில்லை. உலர்த்திய துணியெல்லாம் ஈரமாகவே இருந்தது, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. “மழைக்காத்து மட்டும் காய்ல பட்டுச்சுன்னா சோலி முடிஞ்சுச்சு” என்று அப்பா எப்போதோ மாமாவிடம் சொன்னது என் காதிலேயே நின்றது. என் முடிச்சு தாங்கியிருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போர்வையைத் தூக்கிப் பார்க்கத்தான் தைரியமில்லை. அக்கா புதுப் பெட்டியில் துணி அடுக்கி அடுக்கிப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்கு ஓடிவிடுவேன். காய் வெளுக்காமல் இருந்தால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று கருப்பசாமியிடம் வேண்டினேன். தேங்காய்க்கு எங்கே போவது என்று யோசித்து, அரை மூடி என்று குறைத்துக்கொண்டேன்.

ஆவணி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அம்மா வெடித்தாள். “ஏங்க, புள்ள படிக்கணுமா, மூட்டையக் கட்டிட்டு வீட்ல கெடக்கணுமா? இன்னைக்கு ஏத்துறீங்க” என்றாள். மதியமே வியாபாரி வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். போர்வையை எடுத்தார்கள். சணல் எத்தனையோ சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது. வியாபாரியால் அவிழ்க்கவே முடியவில்லை, அப்பாதான் அவிழ்த்துக் கொடுத்தார். வியாபாரி உள்ளே முழங்கை வரை விட்டு ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் காட்டினார்.

“பச்ச அப்படியே நிக்குதுண்ணே. நேத்துப் பறிச்ச மாதிரில்ல இருக்கு” என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை முடிவும் எனக்குத் தரவில்லை. மூட்டைகள் ஜீப்பில் ஏறியதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “முடிச்சு...” என்று இழுத்தேன்.

“மறுநாளே பாத்துட்டேன் ஆத்தா. யாருகிட்டயும் சொல்லிறாத” என்றார். என்னை அடியிலிருந்து காப்பாற்றிய தெய்வமாகவே அவர் எனக்குத் தெரிந்தார். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கிளம்பினாள். துணைக்குப் போனது அம்மாவும் மாமாவும். பெட்டியை மேலே வைக்கிறேன் என்று பஸ்சில் ஏறிய அப்பா, தேனியில்தான் இறங்கினார்.

அக்கா நன்றாகவே படித்தாள். இப்போது தேனியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வாரம் தவறாமல் வந்து அப்பாவின் சர்க்கரையைச் சோதித்துத் திட்டிவிட்டுப் போகிறாள். போன மாதம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாமா பழையதைக் கிளறினார். “ஆடியிலயே நல்ல ரேட்டு வந்துச்சு. அப்பப் புடிச்சு வச்சிட்டு, ஆவணியில எறங்கின பெறகு வித்தாரு உங்கப்பா. இப்படி ஒரு யாவாரிய எங்கயும் பாத்ததில்ல” என்று சிரித்தார். அப்பா காது கேட்காதவர்போல அக்காவின் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.

சோற்றைப் பிசைந்தபடி நான் கணக்குப் போட்டேன். மூட்டை திறந்து கிடந்தது என்று அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அம்மாவும் மாமாவும் அந்த நிமிஷமே லோடு ஏற்றியிருப்பார்கள், அக்காவும் அந்த வாரமே கிளம்பியிருப்பாள். அப்பா வாயைத் திறக்காமல் முடிச்சை இறுக்கிக் கட்டினார். இன்னும் மூன்று வாரம் அக்கா எங்களோடு இருந்தாள்.