பதினான்கு விநாடி

என் மகள் சென்னையில் ஓபரா பாடக் கற்றவள். மைக் இல்லாமலே அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடுகிற மேற்கத்திய முறை அது. ஆரணியில் எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கு அதையும் சினிமா மெட்டையும் கலந்து ஒரு பாட்டு தயார் செய்தாள். சொந்த ஊரில் அவளுக்கு முதல் மேடை. ஜனங்கள் பாதியில் எழுந்து போய்விட்டால்? அந்தக் கவலையில் எனக்குக் காலை இட்லி நான்கிலிருந்து இரண்டாகிவிட்டது.

விழாவுக்கு முதல் நாள் மாடியில் ஒத்திகை. பாட்டின் முடிவில் ஓர் உச்ச சுரத்தைப் பிடித்து நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினான்கு விநாடி. அது முடிவதற்குள் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் எட்டுத் தறிகளும் நின்றுவிட்டன.

தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. யாராவது நீளமாகக் கூவினால் காரணம் கேட்காமல் சுவிட்சை அணைப்பார்கள். கூவியவரின் கை மாட்டியிருக்கலாம்.

தறிக்காரர் ஓடிவந்தார். "யாருக்கு சார் அடி? ஜல்தியா சொல்லுங்க!"

"யாருக்கும் இல்லீங்க. பொண்ணு பாடிகினு இருக்கா."

"இது பாட்டா? பேஜார் பண்ணிட்டீங்களே சார்!"

மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "சாரிண்ணா. நாளைக்கு விழாவுக்கு வந்துடுங்க."

"அதான் இங்கயே முடிவக் கேட்டுட்டனே."

அவர் போனதும் கெஞ்சினேன். "ஒரு அஞ்சு விநாடி போதாதாம்மா?"

"அத எடுத்துட்டா வெறும் சினிமா பாட்டுப்பா. பதினாலுதான்."

விழாவில் இருநூற்றுப் பத்து நாற்காலி, ஒன்பது காலி. நான் மேடை ஓரத்தில் நின்றுகொண்டேன். சினிமா மெட்டு போனவரை தலைகள் ஆடின. அப்புறம் அந்தச் சுரம். மூன்றாவது விநாடியில் முன்வரிசையில் நான்கு பேர் எழுந்தார்கள். பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அறுபதோடு எண்ணுவதை நிறுத்தினேன். போச்சு.

ஆனால் யாரும் வெளியே போகவில்லை. பாதிப்பேர் தறி ஓட்டுகிறவர்கள்; யாருக்கு அடிபட்டது என்று கழுத்தை நீட்டித் தேடினார்கள். ஓரமாக நின்றிருந்த ஒருவர் பாய்ந்து போய் மைக் செட்டின் சுவிட்சையே அணைத்துவிட்டார். ஸ்பீக்கரில் வந்த வாத்தியங்கள் அடங்கின. அவள் குரல் மட்டும் அடங்காமல் தெருக்கோடிவரை போயிற்று.

சுவிட்சில் கை வைத்தபடி அவர் திகைத்தார். "ஆஃப் பண்ணியும் நிக்கலியே!"

"டேய், அது சார் பொண்ணுடா! உக்காருங்கய்யா எல்லாரும்!" என்று தறிக்காரர் கத்தினார்.

கூட்டம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, இன்னொரு தடவை என்று கேட்டது. மறுபடி எண்ணினேன். காலி நாற்காலி எட்டு. சுவிட்சை அணைத்தவர் முன்வரிசையில் புதிதாக ஒன்றைப் பிடித்திருந்தார்.