வடக்கனந்தல் ரோட்டில் நாங்கள் தோற்ற போர்

பெரிய படை சின்னப் படையிடம் தோற்றால், பெரிய படையில் இருந்தவர்கள் எல்லாரும் கோழைகள் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பி.ஏ. வரலாறு படித்து, அதில் இரண்டு பேப்பரை மூன்று தடவை எழுதியவனுக்கு அவ்வளவுதான் புத்தி. பிளாசியில் நவாப் பக்கம் ஐம்பதாயிரம் பேர், எதிரில் மூவாயிரம் பேர். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், நான் ஒருத்தன் அங்கே இருந்திருந்தால் வங்காளம் கைவிட்டுப் போயிருக்காது என்று தோன்றும். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

இடஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலையை மறித்த வருஷம் அது. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு புளியமரத்தைச் சாய்த்துப் போட்டோம். வீட்டுக்கு ஓர் ஆள் என்று நாற்பது பேர் காவல். முதல் நாள் திருவிழா மாதிரி இருந்தது. மூன்றாம் நாள், எழவு வீட்டில் எப்போது எடுப்பார்கள் என்று காத்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. பஸ் இல்லை, லாரி இல்லை, தடுப்பதற்கு ஒரு மாட்டு வண்டிகூட வரவில்லை. யாருமே வராத ரோட்டை மறிப்பதுபோல ஆளைச் சோர வைக்கிற வேலை வேறு கிடையாது. கூழ் புளித்துப்போயிருந்தது. கிளைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு என்னுடையது மாதிரியே இல்லை.

பொழுது போகட்டும் என்று என் பரீட்சைப் புத்தகத்திலிருந்து தோல்விகளாகப் பார்த்து வாசித்துக் காட்டினேன். கன்னே என்கிற இடத்தில் ரோமாபுரிப் படையை, அதைவிடச் சின்னப் படை ஒன்று சுற்றி வளைத்து ஒரே பகலில் அழித்த கதையை எதிர்வீட்டு மாமா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அத்தினி பேரும் இன்னா பண்ணிக்கினு இருந்தானுங்க?"

"நடுவுல மாட்டிக்கினாங்க மாமா. கையத் தூக்கக்கூட எடம் இல்ல."

"பழக்கம் இல்லாத ஊருக்குப் போனா அப்டித்தான். நம்ம மண்ணுல நம்மள எவன் அசைக்க முடியும்?"

என் கூட்டாளி மட்டும் சிரித்தான். டெய்லர். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போனது. முட்டியைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பான். அவன் வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லாததால் அவனே வந்திருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை சின்னசேலத்தில் அவனுக்குப் பெண் பேசி முடிப்பதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் காலைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். அவன் அம்மா என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்: "ஒண்ணுன்னா அவனால ஓட முடியாது. நீ கூடவே இரு சாமி."

"தூக்கிக்கினு ஓடறேன்மா" என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

வெயில் ஏறுகிற நேரம். தெற்கே கரும்புக் கொல்லைக்கு அப்பால் புகை கிளம்பியது. கூடவே பட்பட்டென்று சத்தம். ஒன்று, இரண்டு, அப்புறம் சரமாரியாக.

"போலீஸ்காரனுங்க சுட்டுக்கினு வரானுங்கடா."

யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. நானாகக்கூட இருக்கலாம். நாற்பது ஜோடிச் செருப்பில் பாதி ரோட்டிலேயே கிடந்தது. நம்ம மண்ணு என்று சொன்ன மாமா அந்த மண்ணை மிதித்த மாதிரியே தெரியவில்லை, அப்படிப் பறந்தார். அவரையும் தாண்டிக்கொண்டு நான் ஓடினேன். கூட்டாளி பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டான். ஒரு தடவைதான் கூப்பிட்டான்.

கரும்புக்குள் குப்புற விழுந்து கிடந்தேன். சோகை, அதான் காய்ந்த தோகை, அறுத்து முழங்கையெல்லாம் எரிந்தது. எவ்வளவு நேரமோ. ஒரு ஜோடிக் கால் வந்து தலைமாட்டில் நின்றது. அடுத்த கொல்லைக்காரர்.

"இன்னாடா, இங்க படுத்துக்கினு கீற? வெட்டின கொல்லையில சோகை கொளுத்திக்கினு கீறேன். அந்தாண்ட போ, காத்து மாறினா இங்க புடிச்சிக்கும்."

ஆலைக்கு வெட்டி அனுப்பின கொல்லையில் சோகைக்குத் தீ வைத்தால் அடிக்கட்டை பட்டாசு மாதிரி வெடிக்கும். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் நாங்களே வைக்கிற தீ, நாங்களே கேட்கிற சத்தம். கரும்பு வைத்துப் பிழைக்கிற நாற்பது பேர் கரும்புச் சோகையிடம் தோற்றிருந்தோம். அதுவும், அது எதிரில் வராமலேயே.

எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, கூட்டாளியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே கொல்லையின் ஓரத்துக்கு வந்தேன். தோகையை விலக்கினால், மரத்துக்கு அந்தப் பக்கம் காக்கி. இரண்டு பேர். ஒருத்தர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் எங்கள் பானையிலிருந்து கூழை மொண்டு நின்றபடியே குடித்தார். அவர்களும் மூன்று நாளாகத் தூங்காதவர்கள் என்பது அங்கிருந்தே தெரிந்தது. கூட்டாளி கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டு பேர் தெரிந்தால் பின்னால் இருநூறு பேர் இருப்பார்கள் என்பது போர்க்கலை. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் கரும்புக்குள் உட்கார்ந்துகொண்டேன். பிளாசியில் நின்ற ஐம்பதாயிரம் பேரில் ஒருத்தனுக்கும், தாங்கள் ஐம்பதாயிரம் பேர் என்று தெரிந்திருக்காது. ஒவ்வொருத்தனும் ஒரே ஆளாகத்தான் நின்றிருப்பான். கரும்புக்குள் எங்களில் முப்பத்தொன்பது பேர் கிடந்தோம். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். யாரும் கொடுக்கவில்லை.

பின்னால் இருநூறு பேர் இல்லை. வந்தது இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு சைக்கிள். மரத்தை வெட்டியது யார் என்று கேட்க அங்கே அவன் மட்டும்தான் இருந்தான். நடக்க முடியாதவன் என்பதால் கேரியரில் உட்கார வைத்து, ஒருத்தர் மிதிக்க, இன்னொருத்தர் பின்னால் நடக்க, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள் உள்ளே இருந்தான். வெள்ளிக்கிழமை அதற்குள் போய்விட்டது. சின்னசேலத்துப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.